கொதிக்காத கொதிப்பு
இரத்த அழுத்த நோயைத் தேடி ஊருக்குள் சென்ற வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்திருக்கிறது மகாராஜபுரம். சதுரகிரி மலை ஏறச் செல்வோர் தாணிப்பாறைக்குப் போகும் வழியில் இவ்வூரைக் கடந்திருப்பார்கள். ஒருபுறம் மலை, மறுபுறம் வயலும் தென்னையும். தெற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்; அதையும் தாண்டினால் நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம்.

இந்தப் பக்கத்து ஊர்களில், காலையில் வேலைக்குப் போகுமுன் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம், கையில் பையுடன் ஒரு பெண் வருவதை இன்று காணலாம். அவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். அதே ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர். பெரியவரின் புயத்தில் பட்டையைச் சுற்றி, சிறு கருவியின் பொத்தானை அழுத்தி, எண்ணைக் குறித்துக் கொள்கிறார். பின்னர் மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கிறார்.

“எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே தாயி, எதுக்கு இந்த மாத்திரை?” என்கிறார் பெரியவர்.

“ஒண்ணும் செய்யாம இருக்கத்தான் தாத்தா இந்த மாத்திரை” என்கிறார் அந்தப் பெண்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் பதிலுக்குப் பின்னால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயம் நமது விருதுநகர் மாவட்டத்திலேயே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பெயரே தந்த குழப்பம்

உயர் இரத்த அழுத்தத்தை நம் மக்கள் ‘இரத்தக் கொதிப்பு’ என்று அழைக்கிறார்கள். பட்டணத்துப் பழக்கம் பரவியபின் ‘பிரஷர்’ என்கிறார்கள். கொதிப்பு என்றவுடன் உடம்பு சூடாகும், முகம் சிவக்கும், கோபம் வரும் என்றெல்லாம் நினைக்கத் தோன்றுகிறது. உண்மையில் இந்நோயில் இரத்தம் கொதிப்பதும் இல்லை. அதன் வெப்பநிலை உயர்வதும் இல்லை. மிகவும் சாந்தமான மனிதருக்கும் இந்நோய் இருக்கலாம்.

நம் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. அப்படியானால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் தமனிகளுக்குள் தள்ளப்படும்போது அவற்றின் சுவர்மீது ஏற்படும் அழுத்தமே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது உள்ள உச்ச அழுத்தத்தைச் சுருக்கழுத்தம் என்றும், இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது உள்ள குறைந்த அழுத்தத்தை விரிவழுத்தம் என்றும் கூறுவர். 120/80 என்று எழுதும்போது முதல் எண் சுருக்கழுத்தத்தையும், இரண்டாவது எண் விரிவழுத்தத்தையும் குறிக்கும்.

வீட்டுத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் நாள்தோறும் நீரை விட்டால் ஒரே நாளில் அது வெடித்து விடாது. சுவர் இறுகும், வலுவிழக்கும், ஒருநாள் ஏதேனும் ஓர் இடத்தில் விட்டுவிடும். தமனிகளும் அவ்வாறே. மூளையில் தமனி வெடித்தாலோ அடைபட்டாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. இதயத்தில் அடைபட்டால் மாரடைப்பு. சிறுநீரகத்தின் நுண்ணிய தமனிகள் பழுதானால் சிறுநீரகம் செயலிழக்கிறது. ஆனால் இவையெல்லாம் நேரும் வரையில், பத்து இருபது ஆண்டுகள் கூட, நோயாளிக்கு எந்த வலியும் தெரிவதில்லை. இந்நோயின் சூழ்ச்சியே இங்குதான் இருக்கிறது.

குதிரையும் சைக்கிள் குழாயும்

வலி சொல்லாத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்கும் வழியைக் கண்டறிவதற்கே நெடுங்காலம் பிடித்தது.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு பாதிரியார். அறிவியலில் தீராத ஆர்வம் கொண்டவர். அவர் ஒரு பெண் குதிரையைப் படுக்க வைத்துக் கட்டி, அதன் தமனியில் ஒரு குழலைச் செருகி, நீண்ட கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி இணைத்தார். இரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குல உயரத்திற்கு ஏறி நின்று, துடிப்புக்குத் துடிப்பு மேலும் கீழும் ஆடியது. இந்தச் சோதனையை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பதைக் கண்ணால் காட்டிய முதல் சோதனை இது. ஆனால் மனிதனிடம் இவ்வாறு செய்ய முடியுமா?

நீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைப் பயன்படுத்தினால் நீண்ட குழாய் தேவையில்லை. 1828-இல் பிரெஞ்சு அறிஞர் புவாசேய் இதைச் செய்து காட்டினார். இரத்த அழுத்தத்தை இன்றளவும் ‘மில்லிமீட்டர் பாதரசம்’ என்ற அலகில் சொல்வதற்கு இதுவே காரணம். 120 மில்லிமீட்டர் பாதரசத் தூண் என்பது, இரத்தத் தூணாக நிறுத்தினால் சுமார் 5 அடி உயரம் வரும்.

தோலைக் கீறாமல் அளக்கும் எளிய கருவியை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி அமைத்தார். சைக்கிள் டியூப் போன்ற எளிதில் கிடைக்கும் பொருள்களையே அவர் பயன்படுத்தினார். புயத்தில் காற்றுப் பட்டையைச் சுற்றி, மணிக்கட்டில் நாடி நின்றுபோகும்வரை காற்றடிப்பதே அவர் முறை. இதில் சுருக்கழுத்தம் மட்டுமே தெரிந்தது. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கோரொட்காஃப், பட்டைக்குக் கீழே ஒலிமானியை வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல விடும்போது முதலில் ஓர் ஒலி தோன்றுகிறது. பின்னர் அது மறைகிறது. தோன்றும் இடம் சுருக்கழுத்தம். மறையும் இடம் விரிவழுத்தம். அவர் வெளியிட்ட அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை. ஆயினும் உலகிலுள்ள மருத்துவர் அனைவரும் ஒரு நூற்றாண்டுக் காலம் அதையே பின்பற்றினர்.

அழுத்தம் தேவை என்று எண்ணிய காலம்

அளக்கத் தெரிந்த பின்னும் நோயை நோயாகக் கருதப் பல ஆண்டுகள் ஆயின. வயது கூடக் கூடத் தமனிகள் குறுகுகின்றன; அவற்றின் வழியே இரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் தேவைதான் என்று பெரிய மருத்துவர்களே எண்ணினார்கள். அதைக் குறைப்பது ஆபத்து என்றும் சிலர் எச்சரித்தனர்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதை இதற்குச் சான்று. 1937-இல் அவருடைய அழுத்தம் 162/98. 1944 மார்ச்சில் 186/108. உலகப் போரை நடத்திக் கொண்டிருந்த அந்தத் தலைவருக்கு உப்பைக் குறைப்பது, ஓய்வு, இதயத்திற்கான பழைய மருந்து ஆகியவற்றைத் தவிர வேறு சிகிச்சை அளிக்க மருத்துவத்தால் இயலவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று கடும் தலைவலி என்று கூறியவர் நினைவிழந்தார். அப்போது அளந்தபோது 300/190. மூளையில் இரத்தக் கசிவால் அன்றே உயிர் நீத்தார். அன்று உலகின் மிக வல்லமை வாய்ந்த நாட்டின் தலைவருக்குக் கிடைக்காத மருந்து, இன்று மகாராஜபுரம் போன்ற ஊர்களில் திண்ணையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1948-இல் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஃபிரேமிங்ஹாம் என்னும் சிற்றூரில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. நோயாளிகளை அல்ல, நலமாக இருந்த 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்து, ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்குப் பக்கவாதம் வருகிறது என்று கணக்கெடுத்தபோது, அழுத்தம் உயர்ந்தவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது தெரிய வந்தது. உயர் அழுத்தம் முதுமையின் இயல்பு அன்று, ஆபத்தின் முன்னறிவிப்பு என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

சோறும் சர்ப்பகந்தியும்

அடுத்தது மருந்தின் கதை. இதில் நமக்குப் பெருமை தரும் செய்தியும் உண்டு.

1940-களில் அமெரிக்காவில் வால்ட்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், முற்றிய நோயாளிகளுக்கு உப்பில்லாத சோறும் பழங்களும் மட்டுமே உணவாகக் கொடுத்தார். பலருக்கு அழுத்தம் வியக்கத்தக்க வகையில் இறங்கியது. அரிசியில் மந்திரம் எதுவும் இல்லை. உப்பு இல்லாமையே முக்கியக் காரணம். நாமும் சோற்றை உப்பிடாமல்தான் வடிக்கிறோம். ஆனால் குழம்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் என்று இலையில் மற்றவை வந்து சேர்ந்ததும் விட்டதற்கு மேலேயே உப்பு உள்ளே போய்விடுகிறது!

இந்தியாவில் பைத்தியத்திற்கும் பாம்புக் கடிக்கும் நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்திய சர்ப்பகந்தி என்ற மூலிகையின் வேர், அழுத்தத்தைக் குறைப்பதை 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை 50 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் விழித்துக் கொண்டது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ‘ரெசர்ப்பின்’ பிரித்தெடுக்கப்பட்டது. 1958-இல், சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் குளோரோதயசைடு மாத்திரை வந்தது. உணவில் உப்பைக் குறைத்துக் கெம்ப்னர் செய்ததையே இம்மாத்திரை வேறு வழியில் செய்தது.

மருந்து அழுத்தத்தைக் குறைக்கிறது, சரி, உயிரைக் காக்கிறதா? இக்கேள்விக்கு 1967-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த சோதனை விடையளித்தது. விரிவழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரில் 73 பேருக்கு மருந்தும், 70 பேருக்கு மருந்தைப்போல் தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேர் கடும் பாதிப்புக்கு உள்ளாயினர். மருந்து உண்டவர்களில் இருவர் மட்டுமே. இதற்கு மேல் சந்தேகத்திற்கு இடமில்லை.

மருந்து இருந்தும் சேரவில்லை

இங்கேதான் நமது வரலாறு ஆய்வுக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வருகிறது.

1970-களில் அமெரிக்க ஊர்களில் கணக்கெடுத்தபோது ஓர் உண்மை தெரிந்தது. உயர் அழுத்தம் உடையவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது இருப்பதே தெரியும். அவர்களில் பாதிப் பேர்தான் சிகிச்சை பெறுகிறார்கள். அவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மருத்துவர்கள் இதைப் ‘பாதிகளின் விதி’ என்பர். 100 நோயாளிகளில் 50, ஐம்பதில் 25, இருபத்தைந்தில் 12 அல்லது 13. மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று மகிழ்ந்தவர்களுக்கு இது பெரிய அடி.

எனவே 1972-இல் அமெரிக்க அரசு தேசிய இரத்த அழுத்தக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 14 நகரங்களில் வீடு வீடாகச் சென்று ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு அழுத்தம் அளந்து, 10,940 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரை வழக்கமான மருத்துவர்களிடம் அனுப்பினர். மற்றொரு பிரிவினருக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்து, காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, வண்டி வசதியும் செய்து, தவறாமல் வரும்படி பார்த்துக் கொண்டனர். ஐந்தாண்டு முடிவில், 1979-இல் வெளியான கணக்குப்படி, இரண்டாம் பிரிவில் மரணம் 17 சதவீதம் குறைவு. மாத்திரை இரு பிரிவினருக்கும் கிடைக்கக் கூடியதே. வேறுபாடு, அது நோயாளியின் கையில் தடையின்றிப் போய்ச் சேர்ந்ததில்தான் இருந்தது.

பின்லாந்து நாட்டின் வட கரேலியாவில் 1972-இல் தொடங்கிய திட்டம் மற்றொரு பாடம் தந்தது. அங்கே மாரடைப்பால் நடுவயதினர் பெருமளவில் மாண்டு கொண்டிருந்தனர். இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் செவிலியர்கள் நோயாளிப் பதிவேடு வைத்துக் கவனித்தார்கள். இல்லத்தரசிகளின் சங்கங்கள் ஊர்தோறும் உப்பும் கொழுப்பும் குறைந்த சமையலைச் செய்து காட்டின.

அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழி பேசும் மக்களிடையே நடந்த பணியும் குறிப்பிடத்தக்கது. மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய இவர்களில் பலர் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கூலி வேலை செய்பவர்கள். ஆங்கிலத்தில் எழுதிய அறிவிப்பும், பகல் நேர மருத்துவமனையும் அவர்களுக்குப் பயன்படவில்லை. 1994-இல் அமெரிக்கத் தேசிய இதய நிறுவனம் ‘உங்கள் இதயத்திற்கு நலம்’ என்ற பொருள்தரும் ஸ்பானியப் பெயரில் ஒரு திட்டம் தொடங்கிற்று. அதில் ‘ப்ரோமோத்தோரா’ எனப்படும் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, அண்டை வீடுகளுக்கே அனுப்பினர். சொல்வது மருத்துவர் அல்ல, தெரிந்த அக்கா என்றபோது மக்கள் காது கொடுத்தார்கள்.

திருப்பெரும்புதூர் காட்டிய வழி

நம் நாட்டில் நிலை என்ன? 1946-இல் போர் குழு வகுத்த வழியில் அமைந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் காலரா, அம்மை, மலேரியா, பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றுக்காக அமைந்தவை. இரத்தக் கொதிப்பு பணக்காரர் நோய், பட்டணத்து நோய் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. காய்ச்சல் வந்தவர் வருவார், மருந்து பெறுவார், குணமாவார்; கதை முடிந்தது. வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் வர வேண்டிய நோயாளிக்கு அங்கே பதிவேடுகூட இல்லை. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி எல்லா நிலையங்களுக்கும் அனுப்பத் தொடங்கியதும், 1999-இல் ‘வருமுன் காப்போம்’ முகாம்கள் நடந்ததும் பின்னால் வந்தவற்றுக்கு அடித்தளமாயின.

அக்காலத்திலேயே ஒரு முன்னோடி முயற்சி நடந்தது. சென்னையின் புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செலவு மிக்க சிகிச்சை செய்து கொண்டிருந்தவர். சிகிச்சைக்கு வழியற்ற ஏழைகள் திரும்பிப் போவதைக் கண்டவர், நோய் வராமல் தடுப்பதே வழி என்று முடிவு செய்தார். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மூலம், 1990-களின் இறுதியில் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே பணி தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தம் அளந்தனர். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நம் மாணவர்கள் பார்த்திருக்கும் பெனடிக்ட் கரைசலைக் கொண்டே சிறுநீரில் சர்க்கரையைச் சோதித்தனர். நோய் கண்டவர்களுக்கு மிக மலிவான மருந்துகளே தரப்பட்டன. அவற்றுள் ஒன்று, சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்த அதே ரெசர்ப்பின்! விலை உயர்ந்த மருத்துவமனை இன்றியே பெரும்பாலோரின் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பதை இம்முயற்சி காட்டியது.

விருதுநகரில் ஒரு வெள்ளோட்டம்

2005-இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. தொற்றாத நோய்களை அரசு மருத்துவ நிலையங்களின் வழியே தடுக்க முடியுமா என்று பார்க்க, 2007-இல் நான்கு மாவட்டங்களில் வெள்ளோட்டம் விடப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தேனியும் தஞ்சாவூரும். உயர் இரத்த அழுத்தத்திற்குச் சிவகங்கையும் விருதுநகரும்.

விருதுநகர் மாவட்டம் 2001 கணக்கெடுப்பின்படி 17 லட்சத்து 51 ஆயிரம் மக்களைக் கொண்டது. அளவில் சில சிறு நாடுகளுக்கு ஈடானது. இங்கே எல்லா வகை மக்களும் இருக்கிறார்கள். வத்திராயிருப்பில் நெல் விளைவிப்போர். இராஜபாளையம் ஆலைகளில் இரவு ஷிஃப்டு பார்ப்போர். சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்வோர். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் செய்வோர். கொதிப்பு பட்டணத்து நோயா, பாடுபடுவோர் நோயும்தானா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

முறை எளிமையானது. 30 வயதைக் கடந்தவர் எந்தக் காரணத்திற்காக மருத்துவ நிலையத்துக்கு வந்தாலும், காலில் முள் குத்தி வந்தாலும் சரி, முதலில் அவருக்கு அழுத்தம் அளக்க வேண்டும். உயர்ந்திருந்தால் மருத்துவர் பார்ப்பார், அட்டை தரப்படும், மாத்திரை இலவசம். இதற்கென்றே செவிலியர் நியமிக்கப்பட்டனர். மருத்துவ நிலையத்தோடு நில்லாமல் பள்ளிகள், வேலைத்தலங்கள், சுயஉதவிக் குழுக்கள் ஆகியவற்றின் வழியாகவும் உப்பு, புகையிலை, உடற்பயிற்சி பற்றிய செய்திகள் மக்களிடம் கொண்டு செல்லப்பட்டன.

இரு செய்திகள் இதில் தெளிவாயின. கைநாட்டு வைக்கும் உழவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இந்நோய் உண்டு என்பது ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரே இப்பணியின் அச்சாணியாக இருக்க முடியும் என்பது மற்றொன்று. நாடு முழுதுக்குமான தேசியத் திட்டம் 2010-இல் வந்தது. விருதுநகர், சிவகங்கை அனுபவத்தைக் கொண்டு 2012 முதல் தமிழகம் முழுவதற்கும் இத்திட்டம் படிப்படியாக விரிவாக்கப்பட்டது.

ஓட்டைக் குடம்

கதை இத்துடன் மங்களமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2020-இல் தமிழகத்தில் 18 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதன்படி 100-க்கு 33.9 பேருக்கு உயர் அழுத்தம் இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருந்தது தெரியுமா? வெறும் 7.3 சதவீதம்! கணக்கிட்டுப் பாருங்கள். அந்த வயதினர் 1,000 பேர் வாழும் ஊரில் 339 பேருக்கு நோய். அதில் சுமார் 25 பேருக்கு மட்டுமே கட்டுப்பாடு. மற்ற 314 பேர் எந்நேரமும் பக்கவாதம் வரக்கூடிய நிலையில், அது தெரியாமல் அல்லது தெரிந்தும், நடமாடிக் கொண்டிருந்தனர். ‘பாதிகளின் விதி’ சொல்லும் 12 சதவீதத்தைக்கூட நாம் எட்டவில்லை.

காரணம் யாது? இலவச மாத்திரை உண்மையில் இலவசமாக இருக்கவில்லை என்பதே காரணம். காடுகரைக்குப் போகும் கூலித் தொழிலாளி மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், அன்றைய கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் தனி. வரிசையில் நின்று, கொஞ்ச நாளுக்கான மாத்திரை பெற்று, மீண்டும் வர வேண்டும். உடம்பில் எந்த வலியும் இல்லை. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று ஒரு மாதம் விடுகிறார். பிறகு ஒரேயடியாக விடுகிறார். தலைவலி வந்தால் மட்டும் மாத்திரை போடுவோரும் உண்டு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் போட்ட கணக்கு அன்றாட வாழ்க்கையின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் பக்கவாதத்தில் விழுந்தால் அவர் கூலியும் போகும். அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் கூலியும் போகும். பிள்ளையின் படிப்பும் நிற்கும்.

கொரோனா ஊரடங்கு இந்த இடைவெளியை மேலும் அகலப்படுத்தியது. இந்நிலையில்தான் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வைக்கப்பட்டது. நோயாளி மருந்தைத் தேடி வருவதற்குப் பதில் மருந்து நோயாளியைத் தேடிச் செல்லும் என்பதே இதன் அடிப்படை. சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள் பயிற்சி பெற்று வீட்டு வாசலில் அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். வட கரேலியாவின் இல்லத்தரசியும், ஸ்பானிய மொழி பேசும் ப்ரோமோத்தோராவும், திருப்பெரும்புதூர்ப் பெண்ணும் சேர்ந்து நம் ஊர்த் தெருவில் நடப்பதாகவே இதைக் கொள்ளலாம். 2024-இல் இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

பயன் விளைந்ததா? 2023-24-இல் எடுக்கப்பட்ட இரண்டாவது கணக்கெடுப்பில், நோய் கட்டுக்குள் உள்ளவர்கள் ஏறத்தாழ 17 சதவீதமாக உயர்ந்திருந்தனர். நான்காண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். நாம் மேலே கண்ட 339 பேரில் 25 என்பது 58 ஆகிறது. பாராட்ட வேண்டிய முன்னேற்றம்தான். ஆயினும் மீதி 281 பேரை மறந்துவிடக் கூடாது. குறைந்த ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் அந்தப் பெண்களின் உழைப்பையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் சோர்ந்தால் குடம் மீண்டும் ஒழுகும்.

நாம் செய்யக் கூடியது

அரசு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். வாய்க்குள் போடுவது நம் பொறுப்பு. வாசகர்கள் தம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில.

அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அரை மணி நேரத்திற்குள் காப்பி, டீ, பீடி, சிகரெட் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, புயம் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு முறை உயர்ந்திருந்தால் அஞ்ச வேண்டாம். வேறொரு நாளும் அளந்து 140/90-க்கு மேலேயே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது. அது ஒரு சிறு தேக்கரண்டி அளவே. குழம்பு, ரசம், பொரியல், ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அழுத்தம் இறங்கிவிட்டது என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது, வெள்ளம் வடிந்துவிட்டது என்று அணையை இடிப்பதற்கு ஒப்பாகும். அது இறங்கியதே மாத்திரையால்தான். இன்று பரவலாகத் தரப்படும் அம்லோடிபின், தமனிச் சுவரிலுள்ள தசையைத் தளர்த்துகிறது. நாள்தோறும் உண்டால்தான் நாள்தோறும் தளர்த்தும். சிலருக்குக் கணுக்கால் வீங்கலாம். அப்போதும் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

ஹேல்ஸின் குதிரையிலிருந்து மகாராஜபுரத்துத் திண்ணை வரை வந்து விட்டோம். அளக்கும் கருவிக்கு 170 ஆண்டுகள் ஆயின. மருந்துக்கு மேலும் அறுபது ஆண்டுகள். அது ஏழையின் வாசலுக்கு வர மேலும் அறுபது ஆண்டுகள். ஆண்டாள் தேர் ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமைக்கு ஊர் கூடித் தேர் இழுப்பது புதிதல்ல. அந்தப் பெரியவர் நாளைக் காலையும் மாத்திரையை விழுங்கிவிட்டு வழக்கம்போல் வயலுக்குப் போவார். அவருக்கு ஒன்றும் நேராது. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டதும் அந்த ‘ஒன்றும் நேராமைக்காகத்தான்’.